அப்பா கையில் நான்கு, என் கையில் ஒன்று

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், இந்த வயசுக்கு அது போதும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். முதலில் நல்ல சேதி எல்லாவற்றையும் சொல்லி விடுகிறேன். உன் மகள், நம் வாலு, நீச்சலில் ஜெயித்துக் கோப்பை வாங்கியதை நீ போனில் சொன்ன அன்றிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்குகிற ஒருத்தரையும் விடாமல் நிறுத்திச் சொல்லி வருகிறேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "நேத்தும் சொன்னீங்க, முந்தாநாளும் சொன்னீங்கக்கா" என்றாள், சொன்னால் கோப்பை தேய்ந்தா போய்விடும் என்று கேட்டேன். உன் தம்பி மகன், நம் மொட்டை, கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்திருக்கிறான். அந்த மூளை என் பக்கத்து மூளை என்று உன் அத்தையிடம் சொன்னேன், அவள் சும்மா இருப்பாளா, "அஞ்சாங்கிளாஸோட நின்னு போச்சே, அந்த மூளையா அண்ணி?" என்று கேட்கிறாள், நின்றது பள்ளிக்கூடம்தான், மூளை நிற்கவில்லை என்று சொல்லி வாயை அடைத்தேன். மொட்டையின் தங்கை அந்தப் பொடிசு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள், சோப்பு உறையைக்கூட விடுவதில்லையாம். உன் சின்னவன் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதையும் நான் விடவில்லை, அத்தனை பேர் பார்க்க அசையாமல் நிற்பது லேசுப்பட்ட காரியமா. நம் வீட்டுப் பிள்ளைகள் எதைத் தொட்டாலும் முழுசாகச் செய்கிறார்கள், கண் பட்டுவிடப் போகிறது என்று பயமாகக்கூட இருக்கிறது.

போனில் பேசாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அவர் காதில் விழ எப்படிப் பேசுவது. நீ கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம் மறதி, வயசானா வர்றதுதான்" என்று சொல்லி வந்தேன். கொஞ்சம் இல்லை கண்ணு. வீட்டில் அந்த நான்கு ரிமோட்டும் அவருக்கு எப்படி என்று உனக்கே தெரியும். டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, டிஸ்க் போடும் மிஷினுக்கு ஒன்று, உன் தம்பி வாங்கி வைத்த சவுண்டு பெட்டிக்கு ஒன்று. நாற்காலியின் வலது கைப்பிடியில் வரிசையாக அடுக்கி வைப்பார், நாம் யாராவது தொட்டால் வீடு ரெண்டாகும். சரக்குக் கிடங்கில் அத்தனை வருஷம் கிரேன் ஓட்டியவர், கண் எப்போதும் மேலே தொங்குகிற சரக்கில் இருக்கும், எந்தக் கம்பியை இழுப்பது என்று கை தானே பார்த்துக்கொள்ளும். ரிமோட்டும் அப்படித்தான், குனிந்து பார்த்தே நான் கண்டதில்லை. அந்தக் கைதான் முதலில் தடுமாறியது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று வேறு எதையோ அமுக்கிப் படம் போய் நீலமாக நிற்கும். டிவியை அணைப்பார், சவுண்டு பெட்டி மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு இறக்கத் தெரியாமல் திணறிப்போனார், தையல்காரம்மா ஊசியும் கையுமாக ஓடி வந்துவிட்டாள். மூன்றாவது ரிமோட்டைச் சுவரில் வீசி அடித்தார், பிறகு அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து துடைத்துக்கொண்டே அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் கடையில் கிடைக்கிறது என்று உன் அத்தைதான் சொன்னாள். நான்கையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம், வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை, "நாலு பேரை வேலையை விட்டுத் தூக்கிட்டு ஒருத்தன வெச்சு மாரடிக்கப் போறீங்க, பாவம் அவன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைக்காரப் பெண் நல்ல மாதிரி, வீட்டில் என்னென்ன சாமான், யாருக்காக வாங்குகிறோம் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப் போட்டாள். முதலில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒன்று, பட்டனே கிடையாது, என் விரல் பட்டால் ஏதோ கல் பட்டது போல் அது கண்டுகொள்ளவே இல்லை. போனிலேயே ரிமோட் வைத்துக்கொள்ளலாம் என்றாள், போனை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே எங்களுக்குப் பொழுது சரியாக இருக்கிறது. கடைசியாகப் பெரிய ரப்பர் பட்டன் வைத்த ஒன்றைக் கொடுத்தாள், பட்டன் குறைவு, கைக்கு அடக்கம், தடவிப் பார்த்தாலே எது எது என்று தெரிகிறது. "இது தானா படிச்சுக்கும்மா, பழைய ரிமோட்டையும் இதையும் மூக்குக்கு மூக்கு வெச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கிக் காட்டணும், பேட்டரி தீர்ந்தா மட்டும் உடனே மாத்திடுங்க, ரொம்ப நேரம் விட்டா படிச்சதையெல்லாம் மறந்துடும், அப்ப மறுபடி சொல்லிக் குடுக்கப் பழசு வேணும், தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள். உன் அத்தை, "இதுக்கும் அஞ்சாங்கிளாஸ் போதுமா?" என்று என் இடுப்பில் இடித்தாள். டிவிக்கு மூக்குப் பாடம் வேண்டாமாம், புது ரிமோட்டில் டிவி என்ற பட்டனை விளக்கு எரியும் வரை பிடித்திருந்து, பிறகு அணைக்கும் பட்டனை விட்டு விட்டு அமுக்க வேண்டும், டிவி எப்போது அணைகிறதோ அப்போது நிறுத்திவிட வேண்டும். சரியாகத்தான் செய்தேன், டிவி அணைந்ததும் ஐயோ கெடுத்துவிட்டேன் என்று பதறி இன்னொரு தரம் அமுக்கிவிட்டேன், மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே ஒரு காலைப்பொழுது போனது. கேபிள் பெட்டி, டிஸ்க் மிஷின், சவுண்டு பெட்டி மூன்றுக்கும் மூக்குப் பாடம் எடுத்து, எல்லாம் ஒரே ரிமோட்டுக்குள் வந்தபோது நீச்சலில் நானே ஜெயித்த மாதிரி இருந்தது. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் குழம்பக் கூடாது என்று நான்கு பழையதையும் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, புதியதைக் கைப்பிடியில் வைத்தேன்.

அதுதான் நான் செய்த பிசகு. அவர் எழுந்து வந்தார், உட்கார்ந்தார், கையை வைத்தார், எடுத்துவிட்டார். புதியதைத் தொடவே இல்லை. வேறு யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் போலத் தரையில் ஒதுக்கி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். மெத்தைக்குக் கீழே, செருப்பு அலமாரியில், ஃபிரிட்ஜுக்குள்ளே, என் ஊசிநூல் டப்பாவில். இதுதாங்க புதுசு, ஒண்ணே போதும், என்று நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார், வெளியாளிடம் பேசும்போது செய்வாரே அப்படி. "இந்த வீட்டம்மா எங்க போயிருக்காங்க? அவங்கள கேட்டாத் தெரியும், எல்லாத்தையும் அவங்கதான் எடுத்து வெப்பாங்க" என்றார். அடுப்பில் பால் பொங்கிக் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து நான்கையும் எடுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தெருக்கதவைத் திறந்து சாத்திவிட்டு உள்ளே வந்தேன். பார்த்ததும், "வந்துட்டியா இவளே, எங்க போய்த் தொலைஞ்ச, நான் வீடெல்லாம் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு கத்து கத்தினார். எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து நான்கும் பழையபடி அவர் கைப்பிடியில். பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் வலப்பக்கமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் விரலைப் பார்க்கிறேன். அவர் எதை எடுக்கிறார், எதை அமுக்குகிறார் என்று பார்த்து நான் என்னுடையதில் அமுக்குகிறேன். போர்வைக்குள் ஒளித்துவைத்துப் பார்த்தேன், மறைத்தால் வேலை செய்யாது, நாற்காலி ஓரமாக அதன் மூக்கை டிவி பக்கம் நீட்டியே வைக்க வேண்டியிருக்கிறது. அவர் தவறாக அமுக்கினால் நான் அமுக்குவதில்லை, அதனால் நீலத் திரையும் இல்லை, உறுமலும் இல்லை. எனக்கு எதற்கு எந்தப் பட்டன் என்று யோசிக்க ஒரு நொடி ஆகும், "இதுக்கு வயசாயிடுச்சு, ரோசனை பண்ணிப் பண்ணித்தான் மாறுது" என்று டிவியைத் திட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும், சத்தம் வராமல் சிரித்துக்கொள்வேன். உன் அத்தை பார்த்துவிட்டு, "அண்ணன் கிரேன் ஓட்டுறாரு, நீங்க கீழ நின்னு சரக்கு தூக்குறீங்களா அண்ணி" என்றாள், சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் உனக்குச் சொல்லாமல் இருந்தேன். போன வாரம் மத்தியானம் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டூலிலேயே கண் அசந்துவிட்டேன். தோளில் யாரோ தொட்ட மாதிரி இருந்தது. அப்பா திரும்பி உட்கார்ந்து ரொம்பத் தயக்கமாக, "ஏம்மா, தூக்கத்தைக் கெடுத்துட்டேன், கொஞ்சம் சத்தம் வைக்கிறீங்களா, உங்க கையில இருக்கறதுலதானே வேலை செய்யுது" என்றார். என் ஏமாற்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னைத்தான் தெரியவில்லை. சத்தம் வைத்தேன். "ரொம்ப நன்றிம்மா" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் அப்பா எனக்கு நன்றி சொன்னதே கிடையாது, சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்தது கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் வேலைக்கு இருப்பவள் மாதிரி அவருக்குக் காப்பி கொடுத்தேன், அதற்கும் நன்றி சொன்னார். விளக்குப் போட்டதும் "இவளே" என்று கூப்பிட்டுவிட்டார், ஆனால் அந்த மத்தியானத்தை என்னால் மறக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன், இது சரிவு மாதிரி மெதுவாக இறங்காது, படிக்கட்டு மாதிரி இறங்கும், ஒரு படியில் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு சட்டென்று அடுத்த படி, ஏறுவது மட்டும் இல்லை என்றார்.

உன்மேல் ஒரு குறையும் இல்லை, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போன தடவை நீ போனில் முகம் காட்டிப் பேசும்போது, "அப்பா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டாகத்தான் கேட்டாய். பாடம் படிக்காமல் வந்த பிள்ளையைக் கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தின மாதிரி அவர் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு "நல்லாத்தான் செய்தி படிக்கறாங்க" என்று என்னிடம் சொன்னார், நீ அதற்குள் போனை வைத்துவிட்டாய், நல்லதாகப் போயிற்று. இனிமேல் அப்படிக் கேட்காதே. எடுத்ததும் "அப்பா, நான் உங்க பெரிய பொண்ணு பேசறேன்" என்று நீயே சொல்லிவிடு, பிறகு எதை வேண்டுமானாலும் பேசு, ஞாபகம் இருக்கா என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். உன் தம்பிக்கும் சொல்லிவிட்டேன், அவன் "பாத்துக்கற இடத்துல சேத்துடலாமா" என்கிறான், அந்த இடத்தில் யார் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்காருவார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் பரீட்சை முடியட்டும், அடுத்த லீவு பார்க்கலாம் என்று நீ சொல்லிச் சொல்லி நாள் போகிறது. பரீட்சை எப்போதும் வரும். அவர் இப்போது நிற்கிற படியில் நிற்கும்போதே வந்துவிடு. பிள்ளைகளைக் கூட்டி வர முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா. எனக்காகச் சொல்லவில்லை, நான் ஸ்டூலில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளிவிடுவேன். அவர் வாயால் ஒரு தரம் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்க வேண்டும், பிறகு எது எப்படிப் போனாலும் அது உன்னிடம் இருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து இருங்கள், பிள்ளைகள் இன்னும் பெரிய பெரிய கோப்பை எல்லாம் தூக்க வேண்டும், உங்கள் எல்லோருக்கும் என் ஆயுசில் பாதி சேரட்டும். குளிரில் காதை மூடிக்கொள், மருந்துக்கடை வேலையில் நாள் முழுக்க நிற்கிறாய், காலுக்கு எண்ணெய் தேய். டிக்கெட் போட்டதும் சொல். அதற்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் செய். உன் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அது விரல் பட்டதும் ஓடிவிடுகிறது, அவர் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் நீ ரெட்டைப் பின்னல் போட்டது, கல்யாணத்தில் எடுத்தது. இப்போது முடியை வெட்டிக்கொண்டு கண்ணாடி போட்டிருக்கிறாய், உடம்பும் கொஞ்சம் வைத்திருக்கிறாய். அழகாக எடுக்க வேண்டாம், சிங்காரிக்காதே, வீட்டில் எப்படி இருப்பாயோ அப்படியே, கண்ணாடியோடு, முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி எடு. தினமும் காலையில் காட்டி, இது நம்ம பெரியவ, இப்ப இப்படித்தான் இருக்கா, என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். நீ வாசலில் வந்து நிற்கும்போது அவருக்கு நீ புது ஆளாக இருக்கக் கூடாது. சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா