நடைபாலத்தடிப் பெட்டி

மண்டைதீவு,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகள் நிலக்சனாவுக்கு,

மாதாவின் காவலில் நீயும் என் தம்பி குடும்பமும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாமி எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் இரண்டு பேரும் உடம்பால் சுகம். மழை விட்டபாடில்லை. தம்பி, அதுதான் உன் அப்பா, பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறானா என்று பார்த்துக்கொள். சின்ன வயதிலேயே மருந்தைக் கதிரைக்குக் கீழே துப்புகிற ஆள் அவன்.

வட்ஸ்அப்பில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். எனக்குப் போனில் கதைக்கப் பயம். பக்கத்து வீட்டு ஜெனீற்றா வியாழக்கிழமை ரொறன்ரோவுக்கு ஏறுகிறாள். அவள் கையில் தந்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துப் போடு.

ஆவணியில் வந்தபோது நீ விளையாடிய அந்த ஜியோகாஷிங் பற்றித்தான் விஷயம். ஒரு பெட்டியை ஒளித்துவைத்து இடத்தை இணையத்தில் போட்டால், முன்பின் தெரியாதவர்கள் தேடிவந்து, பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள் என்றாய். வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று நான் சிரித்தேன். மாமாவுக்கோ சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. நீ கொண்டுவந்த பிளாஸ்டிக் பெட்டி உப்புக்காற்றுக்கு நிற்காது என்று, தூண்டில் போட்டு வைத்திருந்த தன் இரும்புப் பெட்டியைத் தந்தார். சண்டை முடிந்தபின் பழைய இரும்புக்கடையில் வாங்கியது. ஒரு காலத்தில் தோட்டா வந்த பெட்டி. மூடியில் றப்பர் இருப்பதால் தண்ணீர் போகாது. வருசக்கணக்காகக் குசினி மூலையில் கிடந்ததில், அது என்ன பெட்டி என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அதைக் கோயிலடி நடைபாலத்துக்குக் கீழே வைத்தாய். பாலத்தின் கதையையும் மாமாவிடம் கேட்டு இணையத்தில் எழுதினாய். முன்பு அங்கே வெறும் பனங்குற்றிதான் கிடந்தது, கடல்நீர் ஏறினால் பிள்ளைகள் சப்பாத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள், மாமாவின் கூட்டாளி மேரிஜோசப்பின் அக்காவைக் கலியாணத்தன்று கதிரையோடு தூக்கிப் போனார்கள், பிறகு ஊரார் சேர்ந்து சீமெந்துப் பாலம் கட்டினார்கள் என்றெல்லாம். கடைசியில், சண்டை திரும்பத் தொடங்கிய வருசம் அந்தப் பாலத்தில் எங்கள் மகன் மிரோஜனைச் சிலர் மறித்துக் கூட்டிப் போனதையும், மறுகரையில் நின்று மாமா பார்த்ததையும், அவன் திரும்பி வராததையும் எழுதினாய். அன்ரனிதாஸ் என்று மாமாவின் பெயரையும் போட்டாய்.

புரட்டாதியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி சைக்கிளில் வந்து பெட்டியைக் கண்டுபிடித்தது. மாமா வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் சந்தோசம்தான்.

போன கிழமை ஆடு மேய்க்கப் போன அப்புத்துரை அண்ணை பெட்டியைக் கண்டு, குண்டாக்கும் என்று பயந்து பொலிசுக்கு அறிவித்துவிட்டார். அவரில் பிழையில்லை. பாலத்தைக் கயிறு கட்டி மறித்து, கவசம் போட்டவர்கள் வந்து திறந்தார்கள். உள்ளே பென்சிலும் சிப்பியும் நீ எழுதிய தாளும். எல்லாரும் சிரித்தார்கள். சாதாரண சேட் போட்ட ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எந்தக் கந்தோரில் வேலை என்றும் சொல்லவில்லை. பெட்டி ஆருடையது என்று கேட்டார். “என்ரதான், தூண்டில் போட்டு வைச்சனான்” என்றார் மாமா. அந்த ஆள் தன் போனில் நீ எழுதியதை எடுத்துக் காட்டி, “அப்ப இந்தக் கதையும் உம்மடைதானோ” என்று கேட்டார். மாமா “ஓம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கும் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் கதைக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயம். பெடியனைக் கூட்டிப்போன ஆக்களின்ர முகம் இப்பவும் ஞாபகம் இருக்கோ என்று கேட்டார். மறக்க ஏலாது என்று மாமா சொல்லிவிட்டார். அடுத்த கிழமை மாமா பட்டணத்துக்குத் தனியாக வரட்டுமாம். எந்த இடம் என்று அன்று காலையில்தான் சொல்வாராம். மாமா வெள்ளைச் சேட்டை மினுக்கி, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறார். நான் எங்கள் பங்குச் சுவாமியாரிடம் சொல்லிவிட்டேன், அவரும் கூடப் போவார். ஒழுங்கையில் வரும் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலடியில் மெதுவானால் நான் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

பெட்டியை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இந்த மனிசன் என்ன செய்தார் தெரியுமா? பால்மா வந்த தகரப் பேணி ஒன்றைக் கழுவி, தாளும் பென்சிலும் போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் ஏசாத ஏச்சில்லை. “பிள்ளை எழுதினதில ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒண்டும் அழிக்க வேண்டாம் எண்டு அவளுக்குச் சொல்லும்” என்றார். அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே இணையத்திலிருந்து மாமாவின் பெயரை எடுத்துவிடு. இந்த ஆளுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். ஆனால் பார்த்த ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். எனக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

மிரோஜனின் பெயரை மட்டும் எடுக்காதே. பேணி இருக்கிற இடத்தையும் அழிக்காதே. ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து, குனிந்து தேடி, அவன் பெயரை வாசித்துவிட்டுப் போகட்டும். இவ்வளவு காலமும் அவனைத் தேடினது நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளை.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. மாமாவுக்காகவும் ஒரு செபம் சொல்லு.

அன்பு மாமி,
மாக்கிறேற்