எல்லாவற்றுக்கும் அனுமதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. நீ போட்ட உத்தரவுப்படி ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அம்மா அதன் மேல் போர்வை போர்த்தியிருக்கிறாள். அறையே துக்க வீடு மாதிரி இருக்கிறது. போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

"ஊருக்கெல்லாம் பூட்டு ரிப்பேர் பண்றவரு, முன்னபின்ன தெரியாதவன்கிட்ட சாவியைத் தூக்கிக் குடுப்பீங்களா?" என்று கத்தினாயே, அது நியாயமில்லை. பூட்டுகளைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை நானே வெளியிட நினைத்தேன். பக்கங்களை ஒழுங்காக அடுக்கித் தர ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் புத்தகம், இலவசம் என்று விளம்பரம் வந்தது. தட்டினேன். உள்ளே வந்ததும் அது மரியாதையாக அனுமதி கேட்டது: என் மெயில், அதிலுள்ள முகவரிகள், போட்டோக்கள், கேமரா. உதவிக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தியா பேசுவார்கள்? எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டேன்.

அது என் பெயரில் எல்லாருக்கும் மெயில் அனுப்பும் என்று யார் கண்டது? "என் புத்தகத்தை முதலில் நீங்கள்தான் படிக்க வேண்டும். இந்த லிங்கைத் தொடுங்கள். என்னை மறுக்காதீர்கள்." என் ஆயுளில் யாரிடமும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை. பல் டாக்டர் வாழ்த்திவிட்டு, பாதியில் விட்ட கடைவாய்ப் பல்லை ஞாபகப்படுத்தினார். கேஸ் கம்பெனி என் புகாரைப் பதிவு செய்துகொண்டதாம். குடியிருப்புச் செயலாளர் மாடிப்படியில் மடக்கி, "என்ன சார், என்னைப் பத்தி என்ன எழுதித் தொலைச்சிருக்கீங்க?" என்றார். ஒன்றும் எழுதவில்லை என்றேன். அதற்கும் கோபித்துக்கொண்டார்.

விளம்பரத்தைத் தட்டாமல், தயாரித்தவரின் சொந்தத் தளத்துக்கே போக வேண்டும், அவர் யார், பயன்படுத்தியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றாய். இருக்கட்டும். பக்கத்துக்கு எண் போட வந்ததற்கு என் கேமரா எதற்கு என்று நானும் கேட்டிருக்கலாம்தான். வெள்ளையடிக்க வந்தவன் பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்பேனா? இது எனக்கே தோன்றியது, நீ சொல்லிக் கொடுத்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெயில் போன மறுநாள் காலை வாசலில் மணி அடித்தது. பார்த்தால் உன் சித்தப்பா. நம் கடைக்கு எதிரிலேயே சாவியில்லாத பூட்டு விற்கக் கடை போட்டானே, அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவன் முகவரி என் மெயிலில் ஏன் இருந்தது என்று கேட்காதே. அழிக்கத் தெரியாமல் விட்டேன் என்று வைத்துக்கொள். போனை நீட்டி, "நீயே கூப்பிட்டப்புறம் வராம இருப்பேனாண்ணே?" என்றான். நான் எங்கே கூப்பிட்டேன் என்று வாயெடுத்தேன். பின்னாலிருந்து அம்மா கிள்ளினாள். இன்னும் கன்றியிருக்கிறது.

இப்போது தினமும் வருகிறான். நான் அச்செடுத்து வைத்த பிரதியைப் படித்துவிட்டு, "மூணாவது அத்தியாயம் முழுக்கத் தப்புண்ணே. பெட்டிப் பூட்டு உனக்கு எப்பத்தான் வந்துச்சு?" என்கிறான். காப்பி ஆறிப்போகும் வரை சண்டை போடுகிறோம். இந்த நிமிடமும் கூடத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் காதுபட உன்னிடம் எப்படிப் பேசுவது?

பயப்படாதே, அவன் அந்த லிங்கைத் தொடவில்லை. விசாரித்துவிட்டேன். "அண்ணன் கூப்பிட்டா போனையா தட்டிக்கிட்டு இருப்பாங்க? செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றான். மெயிலை அழித்துவிடு என்றேன். மாட்டேன் என்கிறான்.

"அது நான் அனுப்பியதல்ல, தொடாதீர்கள்" என்று நீ எழுதிய அறிவிப்பை, மானம் போகிறது என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். போனால் போகட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் அனுப்பு. பல் டாக்டருக்கு அனுப்பு. செயலாளருக்கு இரண்டு முறை அனுப்பு. சித்தப்பாவுக்கு மட்டும் வேண்டாம் கண்ணு. அவனுக்கு வந்தது நான் அனுப்பியதாகவே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு குறையும் இல்லாமல் இரு.

அன்புடன்,
அப்பா