கண்ணாடி ஜாடியிலிருந்த ஓரகத்திக்கு

அக்காவின் அருமை ஓரகத்தியே,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இந்த வீட்டில் இப்போது எல்லோரும் எதையாவது மறைத்துத்தான் பேசுகிறோம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீதான் போய்விட்டாயே.

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆள் எங்கள் கிணற்றில் உன் கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டபோது, உன்னை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். விரல் நீளம்கூட இல்லாத மீன். மிட்டாய்க் கடை ஜாடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அக்காவின் அறை ஜன்னலில் வைத்தேன். அக்கா தலைப்பிரசவத்துக்குக் கிருமாம்பாக்கத்து மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த சமயம். அவள் வயிற்றோடு உன் வயிறும் பருத்தது. "இவதான்டி எனக்கு நல்ல ஓரகத்தி. அங்க ஒருத்தி கீறாளே, அவளாட்டம் வாயத் தொறக்க மாட்டா" என்று அக்கா சிரித்தாள். அன்றிலிருந்து அதுவே உன் பெயர்.

மீன் முட்டையிடும் என்றுதான் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முந்தாநாள் விடிந்ததும் பார்த்தால், ஜாடி நிறையக் கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள்! "அப்பா, மீன் குட்டி போட்டிருக்கு!" என்று கத்தினேன். "முட்டையில்லாம மீனா? போடி, தவளக் குஞ்சா இருக்கும்" என்றார் அப்பா. கிட்ட வந்து பார்த்தவர், தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

அப்போதே நீ ஒரு குஞ்சை விரட்டிப் பிடித்து விழுங்கினாய். பசியா, பயமா? என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மற்றவற்றைக் கரண்டியால் மொண்டு மண்சட்டியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். போகும்போது நீ அடியில் களைத்துக் கிடந்தாய். உயிரோடுதான் இருந்தாய்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள். "சத்தம் போடாதடி. அக்கா தூங்குது. அந்த மீனு செத்துப் போச்சி. அக்காவுக்குத் தெரியக் கூடாது."

ஜாடித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"உங்கக்காதான். பெத்தவளுக்கு வெந்நி ஊத்தலன்னா ஜன்னி வந்துடும்னு மஞ்சளக் கரைச்சி ஊத்தியிருக்கு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தேன்" என்றாள் அம்மா. உன்னை முருங்கை அடியில் புதைத்தோம்.

அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீ வெந்நீரால் செத்தாயா, பிள்ளை பெற்றதால் செத்தாயா? வெந்நீர் என்றால் அது அக்காவின் கை. பிரசவம் என்றால் அக்காவுக்கும் அதுதானே வரப்போகிறது? இரண்டில் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது?

அக்கா எழுந்ததும் கேட்டாள்: "வெந்நி புடிச்சிதாடி அவளுக்கு?"

"புடிச்சிதுக்கா. கெணத்துலயே உட்டுட்டேன். அங்கதான் நல்லா ஓடியாடும்."

அக்கா மண்சட்டியை எட்டிப் பார்த்தாள். "பெத்த புள்ளைங்கள இங்க உட்டுட்டு அவ மட்டும் கெணத்துக்குப் போயிட்டாளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்குப் பொய் சொல்ல வரலடி." வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எம் புள்ளையையும் இப்டி ஒரு சட்டியில வெச்சிப் பாத்துக்குவியா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொசுப்புழு பிடிக்கப் போவதுபோல் மாட்டுத் தொட்டிப் பக்கம் ஓடிவிட்டேன்.

இன்று மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிப் போனாள். வெந்நீர் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள். அம்மா மஞ்சள் அரைக்கிறாள். அந்த வாசனை வந்தாலே எழுந்துவிடுகிறேன். சும்மா சும்மா அக்கா அறைக்குள் போய் வருகிறேன். "இன்னாடி, ஜாடியில கீற மீனப் பாக்கற மாதிரி பாக்கற?" என்று அவள் விரட்டுகிறாள். அவள் குரலைக் கேட்பதற்காகவே மறுபடியும் போகிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கின்றன. நிழல் பட்டால் சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. "எங்க வூட்டு மீனு குட்டி போடும்யா" என்று அப்பா பாகூர்க் கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்கிறாராம். யாரும் நம்பவில்லையாம்.

அவை பெரிதானதும் நானே கிணற்றில் விடுவேன். அதுவரை கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் யாரையும் ஊற்ற விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அக்கா கேட்டதற்கு மட்டும் வாக்குத் தரமாட்டேன். அவள் பிள்ளையை அவளே பார்த்துக்கொள்ளவேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளுக்கும், வரப்போகும் பிள்ளைக்கும்
சித்தி.

பி.கு.: இரவாகிவிட்டது. அக்கா அறையில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, மற்றவற்றை அம்மா அணைத்துவிட்டாள்.