கொசுறுக்கு இங்கிலீஷில் என்ன

1957 ஜூலை 3, புதன்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸில் சுற்றறிக்கை: பிரெஞ்சு ஆட்சி போயாச்சு, இனி எல்லாம் இங்கிலீஷ்; பிரெஞ்சு படித்த குமாஸ்தாக்களுக்குச் சனிக்கிழமை இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வு. தேறாதவர்கள் தபால் பிரிவுக்கு. அதாவது, உறை ஒட்ட. பதினோரு வருஷம் பிரெஞ்சில் கடிதம் எழுதிய கை!
மதராஸிலிருந்து மாற்றலாகி வந்த சிவராமன், பக்கத்து மேஜை: "உங்க பிரெஞ்ச இனிமே மூட்ட கட்டிடலாம், மேடம்."
தேர்வுக்கென்று கொடுத்த பயிற்சிப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 4, வியாழன்
காப்பிப் பொடி தீர்ந்தது. பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வாக்கியம்: அவனுக்கு வேலை கிடைத்தது, வீடும் 'இன்டு த பார்கெய்ன்'. பார்கெய்ன் என்றால் பேரம். பேரம் பேசி வீடு வாங்கினான் என்று எழுதினேன். மனசு ஒப்பவில்லை.
சாயங்காலம் வைத்திக்குப்பத்து அஞ்சலையிடம் மீன். ஒரு கூறு சங்கரா. கூடையில் கொட்டிவிட்டு மேலே இன்னும் இரண்டு போட்டாள்.
"இது எதுக்கு அஞ்சல?"
"கொசுறு, அக்கா. வெச்சிக்கோ."
அப்படியே நின்றுவிட்டேன். பிரெஞ்சில் 'பார் தெஸ்யூ லெ மார்ஷே' என்போமே, அதேதான்! வியாபாரம் முடிந்து மேலே கிடைப்பது. அவனுக்கு வேலை, வீடு கொசுறு.

ஜூலை 6, சனி
தேர்வு. கடும் வெயில். மதராஸ் அதிகாரி, தடித்த கண்ணாடி. புத்தகத்து வாக்கியங்களையே தமிழில் சொல்லச் சொன்னார். வீட்டு வாக்கியமும் வந்தது. கொசுறு என்றேன். சிரித்தார். சிரித்தபடியே இன்னொன்று: அவன் வழி தவறினான், மழையும் பிடித்துக்கொண்டது, 'இன்டு த பார்கெய்ன்'.
"மழையும் கொசுறாம்மா?"
பழைய பிரெஞ்சு மேலதிகாரி ஞாபகம் வந்தது. 'தாமதம், பார் தெஸ்யூ லெ மார்ஷே பொய் வேறு' என்று கத்துவார். கெட்டதற்கும் அதே சொல்தான்.
"இல்ல சார். அங்க போதாக்குறைக்கு. வழி தவறிட்டான், போதாக்குறைக்கு மழை வேற."
பேனாவைக் கீழே வைத்தார். "இத யாரும் சொல்லல. எங்க படிச்சீங்க?"
"பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல, சார்."
சத்தமாகவே சொன்னேன்.

ஜூலை 10, புதன்
விடியலில் தூறல். தேறியவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டு முறை படித்தேன். சிவராமன் எழுந்து நின்று கை கொடுத்தார்.
மதியம் தலைமைக் குமாஸ்தா மதராஸிலிருந்து வந்த ஓர் இங்கிலீஷ் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "பதில் நீங்களே எழுதிடுங்க, மதாம்." மேடம் இல்லை, பிரெஞ்சில் மதாம்!
எழுதினேன். மூன்று பத்தி இங்கிலீஷ். ஓர் எழுத்துகூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.