வேன் கண்ணாடியில் ஸ்கேன் படம்

ஏங்க,

மாத்திரை போட்டுத் தூங்கறீங்கன்னு எழுப்பலை. ஆஸ்பத்திரியில தலை ஸ்கேன் படம் இன்னும் தரலைன்னு சாதிச்சீங்களே, காலையில வேனைத் துடைக்கப் போனா முன்கண்ணாடியில வெயில் மறைக்க ஒட்டி வெச்சிருக்கீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான். மறைப்புக்கு உங்க மண்டைதான் கிடைச்சுதா?

வெளிச்சம் பட்டா வீட்டுல தலைவலி தாங்காம சுவத்துல முட்டிக்கிறீங்க. டாக்டர் கேட்டா மட்டும் 'லேசாதான் வலிக்குது'. வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிடுவாருன்னு பயம். எனக்குத் தெரியாதா?

படத்தைப் பிச்சு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்ன வியாதின்னு டாக்டர் வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். வேன் சாவி என் பையில. வீட்டைக் குடையாதீங்க. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்க உங்க தம்பி அவர் வண்டியில போறாரு.

சோறு அடுப்பு மேல மூடியிருக்கு. மிச்சம் வெச்சீங்கன்னா, அதுக்கு வேற சண்டை இருக்கு.

பி.கு: ரூம் ஜன்னலுக்கு ரெண்டு போர்வை கட்டியிருக்கேன், வெளிச்சம் வராது. வெயில் மறைக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?