வெயில் தின்ற நூல்

12 ஜனவரி 1999, செவ்வாய்

நாளை காலை வண்டிக்கு மகள் சுதா கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறாள். பேரனுக்காக என் மனைவி கமலா பஞ்சு வைத்து ஒரு சின்ன ரஜாய்ப் போர்வை தைத்திருக்கிறாள். கடைசி ஓரம் மட்டும் பாக்கி. சாயங்காலத்திலிருந்து மிஷின் மக்கர். டென்ஷன் திருகை இறுக்கினால் மேல்நூல் அறுகிறது, தளர்த்தினால் அடியில் கொத்தாகச் சுருள்கிறது. ஊசியை மாற்றினேன், பாபினைத் துடைத்தேன், நூலை மறுபடி கோர்த்தேன். என் தையல் சாமான் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வைத்தியம் எல்லாம் தீர்ந்தது.

அப்புறம்தான் நூலைக் கையால் இழுத்துப் பார்த்தேன். பட்டென்று அறுந்தது. கடை ஷோகேஸில் இரண்டு கோடை வெயில் தின்ற கண்டு. இனி விலைபோகாது என்று நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரஜாய் முழுக்க அதே நூல்.

"நூல் நம்ம கடைச் சரக்குங்க, அது ஏமாத்தாது. என் கைதான் சரியில்ல," என்றாள் கமலா.

"அப்பா நூலைக் குத்தம் சொல்லிட்டு இந்த வீட்ல இருக்க முடியுமா!" என்று சுதா சிரித்தாள்.

அறுந்த நூலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதே நூலை இரட்டையாகக் கோர்த்து, மிச்ச ஓரத்தைக் கையாலேயே முடித்துவிட்டாள் கமலா. வண்டியில் குளிருமாம், பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறாள். ஒரு துவைப்புக்குத் தாங்காது. பையன் காலை உதைத்தாலே தையல் விட்டுப்போகும்.