தொட்டால் கன்றும் கை

9 பிப்ரவரி 1956

இடது முழங்கைக்குக் கீழே மறுபடியும் ஒன்று. பாசாரிலிருந்து கூடையை மாட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். பிடி அழுந்திய இடத்தில் நாவல் பழத்தை நசுக்கித் தேய்த்ததுபோல் இருக்கிறது. வலி இல்லை. வலித்தாலாவது அடிபட்டது என்று ஆறுதல் கொள்ளலாம்.

என்னிடம் இருக்கும் பழைய வைத்தியப் புத்தகம், பித்தம் மிகுந்தால் ரத்தம் கெட்டுத் தோலுக்கு அடியில் கட்டும் என்கிறது. பித்தம் ஏன் மிகாது? என் மகன் ஜெயபாலன் கட்டிக்கொண்டு வந்தவள் காலையும் மாலையும் பிளாச்சான் இடிக்கிறாள். இந்த வயதில் என் வீட்டுக்குள் புளித்த இறால் நாற்றம். செட்டிக் கம்பத்துப் பெண், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழை மறந்த கூட்டம். நெற்றியில் திருநீறு, பெயர் சிவகாமசுந்தரி, வாயைத் திறந்தால் மலாய். மகன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், மாதம் ஒரு முறை வருகிறான். மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் அவளும் நானும்தான். தமிழில் பேச ஆள் இல்லை. நானே எனக்கு எழுதிக்கொள்கிறேன்.

"லெபாம், மாமா" என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். கன்றிப்போனதற்கு அவர்கள் சொல். அவித்த முட்டையைச் சூட்டோடு உருட்டினால் போய்விடுமாம். கையை இழுத்துக்கொண்டேன்.

12 பிப்ரவரி

சீனன் கோப்பிக்கடையில் ஒரே பேச்சு. இருபதாம் தேதி பண்டார் ஹிலிர் திடலில் பெரிய கூட்டம், சுதந்திரம் பற்றி லண்டனில் என்ன முடிவானது என்று சொல்லப்போகிறார்கள் என்று. எங்கள் தெருக் கருணாகரன் லாரி ஏற்பாடு செய்கிறான்.

"மண்டோரே, முன் சீட்டு உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? அந்தத் திடலைச் சுத்தி ரோட்டுக் கூலிகளை மேய்ச்சுச் சடக்குப் போட்ட மண்டோர் நான். முப்பது வருஷம் தார்ல வெந்தேன். கடைசியில ஓவர்சியர் வேலையை இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்ச ஒரு பொடியனுக்குக் கொடுத்துட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க. வெள்ளைக்காரன் இருந்தா என்ன, போனா என்ன? அந்தப் பக்கம் என் நிழல்கூட விழாது. விழுந்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

கடையே சிரித்தது. சிரிக்கட்டும். எழுத்து கற்றுக்கொடுக்க எனக்கு யாரும் இருந்ததில்லை. மளிகை சுற்றி வந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தவன். எனக்கு இருப்பது என் சொல் ஒன்றுதான். சொன்னால் சொன்னது.

20 பிப்ரவரி

போனேன்.

21 பிப்ரவரி

யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதுகிறேன்.

சிவகாமி காலையிலேயே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். லாரியும் போய்விட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சடக்கைத்தானே பார்க்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனேன். நான் போட்ட சடக்கு அத்தனை காலைத் தாங்குகிறதா என்று பார்க்க. தாங்கியது. ஒரு வெடிப்பு இல்லை.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. கால் மடங்கி, தலைகள் எல்லாம் மேலே போவதைப் பார்த்தேன். மிதித்தே கொன்றிருப்பார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரு மலாய்க்காரப் பையனும் ஒரு தடித்த ஆளும், ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். கூட்டம் கலையும்வரை விடவில்லை. மேடையில் சுதந்திரம் வரும் நாளைச் சொன்னபோது எல்லோரும் கத்தினார்கள். என் வாயும் கத்தியது. ஏன்? தெரியவில்லை.

இன்று காலை இரண்டு கையிலும் விரல் விரலாகக் கருநீலம். இப்படி வந்ததே இல்லை. முழுக்கைச் சட்டையில் மூடிவிட்டேன். கருணாகரன் கண்ணில் நேற்று நான் படவில்லை. அது போதும்.

26 பிப்ரவரி

மாசி மகம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கையில் இந்தக் கறைகள் இருப்பதால் தைப்பூசத்துக்கே காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். இரண்டாவது முறையும் அதையே சொன்னால் ஆள் விட்டுப் பார்ப்பார்கள். போனேன். துண்டால் மறைத்துப் பார்த்தேன், கற்பூரத்தைத் தொடக் கையை நீட்டித்தானே ஆகவேண்டும்.

கருணாகரன் என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, இது விரல் தடம். யாரு இப்படிப் பிடிச்சது? வீட்டுல உங்க ரெண்டு பேரைத் தவிர..." இழுத்தான். அவன் மனைவி பாக்கியலட்சுமி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திடலுக்குப் போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் நடுவில். கை தானாக மீசைக்குப் போயிற்று.

"ஒண்ணுமில்லப்பா, விடு" என்றேன்.

பாக்கியலட்சுமி பக்கத்துப் பெண்ணிடம் என்னவோ சொன்னாள்.

4 மார்ச்

குழாயடியிலிருந்து சிவகாமி காலி வாளியோடு வந்தாள். மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகு வா என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன ஏது என்று புரியாமல் தன் அம்மாவிடம் ஓடிக் கேட்டிருக்கிறாள். புரிந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"சாயா தா பூக்குல், மாமா."

நான் அடிக்கவில்லை என்கிறாள். எனக்குத் தெரியாதா?

அவள் அடித்தாள் என்று நான் யாரிடமாவது சொன்னேனா? சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய? அதுவும் போக, பித்தம் யாரால்? பிளாச்சான் யார் இடிப்பது? அப்படிப் பார்த்தால் ஒரு வகையில் —

வேண்டாம். இந்த வரி எனக்கே பிடிக்கவில்லை.

10 மார்ச்

ஜெயபாலன் வந்தான். பஸ் விட்டு இறங்கியதுமே யாரோ சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைப் பிடிக்காத குறையாக டாக்டர் கணேசமூர்த்தியின் மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகு, மார்பு, மேல்கை எல்லாம் தடவிப் பார்த்தார். "இங்கெல்லாம் ஒண்ணும் இல்ல பாருங்க. முழங்கைக்குக் கீழேதான். என்ன வேலை பார்த்தீங்க, பெரியவரே?"

"சடக்கு மண்டோர். முப்பது வருஷம்."

"அரைக்கைச் சட்டையா?"

"பி.டபிள்யூ.டி. கொடுத்தது அதுதான்."

"அப்ப வெயில் தின்ன தோல் இது. தோலுக்கு அடியில நார் மாதிரி ஒண்ணு இருக்கும், ரத்தக்குழாய்க்கு மெத்தை. வயசும் வெயிலுமாச் சேர்ந்து அது நைஞ்சுபோச்சு. கூடை இடிச்சாலும் குழாய் உடையும். சின்னப் பிள்ளைக்கு அடிபட்டா நீலம், பச்சை, மஞ்சள்னு நிறம் மாறி மறைஞ்சிடும். கசிஞ்ச ரத்தத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். உங்க கையில அந்த வேலை நடக்கல. கருப்பாவே கிடந்து, பழுப்பாத் தங்கிடும்."

உண்மைதான். என் கையில் நான் பச்சை பார்த்ததில்லை.

"முட்டிவலின்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஆஸ்பிரின். தினம் நாலு."

"நிறுத்துங்க. அது ரத்தத்தைச் சீக்கிரம் நிக்க விடாது."

"இது பித்தம். வீட்டுல பிளாச்சான்..."

"பிளாச்சான் மேல பழி போடாதீங்க, நானும்தான் திங்கிறேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கையைத் திருப்பினார். "ஆனா இவ்வளவு பெருசா, ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்சிருக்கு. யாரோ நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. யாரு?"

ஜெயபாலனும் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

முப்பது வருடம் என் தோலை அந்தச் சடக்குக்குப் போட்டிருக்கிறேன். அதுதான் விஷயம். எனக்கு யார் பதில் சொல்வது?

18 மார்ச்

பங்குனி உத்திரத்துக்கு சிவகாமி பால்குடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. விரதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். குடத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் கொடுப்பது பாக்கியலட்சுமி. அவள் கட்டாத குடம் ஊர்வலத்தில் சேராது.

இன்று கோயில் வாசலில் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"மாமனார் கையை முறுக்குற கை தூக்குற பாலு, சாமி தலையில விழணுமாக்கும்?"

சிவகாமி தட்டுத் தடுமாறி, டாக்டர், தோல், வெயில் என்று மூன்று சொல் சொன்னாள்.

"ஆமா, உன் புருஷனும் அதையேதான் சொல்லிட்டுப் போனாரு. பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாம என்ன பண்ணுவாரு? ஏம்மா, வெயிலுக்கு அஞ்சு விரலா இருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். சிவகாமி தமிழில் வார்த்தை தேடிக்கொண்டே நின்றாள். கிடைக்கவில்லை. அவள் வீட்டில் தமிழ் பேச வாயெடுத்த போதெல்லாம் முதலில் சிரித்தவன் நான்.

மதிலைச் சுற்றி உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

22 மார்ச்

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. சத்தம் கேட்டு சிவகாமி ஓடிவந்தாள். இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் அழுகை, ஆனால் கையை எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து ஆள் கூப்பிட்டாள். அவர்கள் வந்து என்னைத் தூக்கும்வரை ஈரத்தில் கிடந்தேன்.

இப்போதுதான் யோசிக்கிறேன். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். கோப்பியும் அப்படித்தான். எத்தனை நாளாக?

என்னைத் தொடப் பயப்படுகிறாள். தொட்டால் தடம் விழும். விழுந்தால் சாட்சி.

இதைச் செய்தது யார்? பாக்கியலட்சுமியா? எழுது, கிழவா, எழுது. யாரு?

25 மார்ச்

நாளை உத்திரம் என்று ஜெயபாலன் வந்திருக்கிறான். "அப்பா, அவ குடம் தூக்கலைன்னா விடுங்க. ஆனா அவளை இனிமே இங்க வைக்க மாட்டேன். சிங்கப்பூர்ல ரூம் பார்த்துட்டு இருக்கேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சுலபமாக இருந்திருக்கும்.

26 மார்ச்

விடிந்ததும் சவரக்கத்தியை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் வைத்த மீசை. கண்ணாடியில் என் அண்ணன் முகம் தெரிந்தது, செத்தபோது இருந்த முகம்.

கோயிலுக்குப் போனேன். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். சிவகாமி துணி கட்டாத குடத்தை அணைத்துக்கொண்டு சடக்கோரத்தில் தனியாக நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மண்டோரே இது கோலம்?" கருணாகரன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொன்ன சொல்லு. அன்னிக்குத் திடலுக்குப் போனேன். ஒளிஞ்சு போனேன். கூட்டத்துல விழுந்தேன், ரெண்டு பேரு ரெண்டு கையைப் பிடிச்சுத் தூக்கினாங்க. அந்தத் தடம்தான் நீங்க பார்த்தது. இந்தப் பொண்ணு என் மேல கை ஓங்கினதே இல்ல. மத்ததெல்லாம் டாக்டர் சொன்னது. வெயிலு."

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்க, ஆண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. "அப்ப லாரியிலயே வந்திருக்கலாமே, மண்டோரே!" நின்றேன். வேறு என்ன செய்ய?

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. "இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, அண்ணே?" என்றாள்.

கை மீசையைத் தேடிப் போனது.

அவள் போய்ச் சிவகாமியின் குடத்தை வாங்கினாள். முகத்தைப் பார்க்காமல் துணியைக் கட்டினாள். திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சிவகாமி என் பக்கம் திரும்பாமல் வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் நடந்தாள்.

27 மார்ச்

மேலுதடு குளிர்கிறது.

15 ஏப்ரல்

விரல் தடமெல்லாம் பழுப்பாகித் தங்கிவிட்டது. தேக்கிலை தேய்த்த கறை மாதிரி. டாக்டர் சொன்னபடியே. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அவர் சொன்னதற்காக அல்ல.

குழாயடியில் அவளுக்கு இடம் விடுகிறார்களாம். ஒரு தட்டில் பலகாரம்கூட வந்தது. அவள் வாங்கி வைத்தாள், சாப்பிடவில்லை. என்னிடம் வேண்டிய வார்த்தை மட்டும் பேசுகிறாள். தட்டு இன்னமும் தரையில்தான்.

சிங்கப்பூரில் அறை கிடைத்துவிட்டது. வைகாசியில் போகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சொல்லவும் மாட்டேன்.

29 ஏப்ரல்

சிங்கப்பூருக்குக் கொண்டுபோகத் தகரப்பெட்டி வாங்க வேண்டும் என்றாள். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று கூடப் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முச்சந்தியில் நான் பாட்டுக்கு இறங்கி நடந்தேன். நான் போட்ட சடக்கு, எவனுக்காக நிற்க வேண்டும்? லாரி வந்ததைப் பார்க்கவில்லை. கையில் இரும்புக் கொக்கி மாட்டியதுபோல் ஒரு பிடி. பின்னால் சாய்ந்தேன். லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். அதைவிடச் சத்தமாக, பாசார் முழுக்கக் கேட்க, மலாயில் என்னைத் திட்டியது சிவகாமி. குருட்டுக் கிழவா என்றுகூடச் சொன்னாள்.

பிறகு தன் கையைப் பார்த்தாள். சூடான சட்டியைத் தொட்டவள்போல் எடுக்கப் போனாள். நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை, அவளும், நானும்.

30 ஏப்ரல்

காலையில் பார்த்தால் நன்றாகப் பதிந்திருக்கிறது. கட்டைவிரல் உள்பக்கம், நான்கு விரல் வெளிப்பக்கம்.

கோப்பிக்கடைக்குப் போனேன். கருணாகரன் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டான். இந்த முறை யாருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. நானே சொன்னேன்.

"என் மருமகள் பிடிச்சது."

 கோப்பி வந்தது. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.